ஆறு முதல் எட்டு வரை: தமிழிலும் அறிவியலிலும் நம் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள்?

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வரும் நாளில் நம் வீடுகளில் இருக்கும் பதற்றம், பிள்ளை ஆறாம் வகுப்புக்குப் போகும் நாளில் இருப்பதில்லை. புதுப் பை, புதுச் சீருடை வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். ஆறு, ஏழு, எட்டு ஆகிய மூன்று வகுப்புகளும் அப்படியே கடந்து போகின்றன. ஒன்பதில் மதிப்பெண் சரியும்போதுதான் "என்ன ஆச்சு இவனுக்கு? சின்ன வகுப்பிலே நல்லாத்தானே படிச்சான்" என்று கேட்கிறோம்.

தமிழ்நாட்டு அரசின் பாடத்திட்டத்தில் எட்டாம் வகுப்பு வரை எந்தப் பிள்ளையையும் அதே வகுப்பில் நிறுத்தி வைப்பதில்லை. பிள்ளைகளின் மனம் உடையாமல் இருக்கவும், பாதியில் படிப்பை விட்டு நின்றுவிடாமல் இருக்கவும் அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் "பாஸ்" என்ற சொல்லை மட்டும் வைத்துப் பிள்ளைக்குப் பாடம் புரிந்துவிட்டது என்று பெற்றோர் முடிவு செய்ய முடியாது. புரிந்ததா இல்லையா என்பதை நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு, இந்த மூன்று வகுப்புகளில் என்னதான் சொல்லித் தருகிறார்கள் என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எல்லாப் பாடங்களையும் இங்கே எழுத இடமில்லை. தமிழையும் அறிவியலையும் மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை போலத் தோன்றும் இவ்விரண்டும் இந்த வயதில் கற்றுத் தருவது ஒரே பழக்கத்தைத்தான்: உற்றுப் பார், பார்த்ததைச் சரியான சொல்லால் சொல், ஏன் அப்படி என்று காரணம் கூறு. இந்தப் பழக்கம் வந்துவிட்ட பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் தடுமாறுவது குறைவு.

வாசிக்கக் கற்பதும், வாசித்துக் கற்பதும்

ஐந்தாம் வகுப்பு வரை பிள்ளைகளின் வேலை வாசிக்கக் கற்றுக்கொள்வது. எழுத்துக் கூட்டிப் படிப்பது, சொல்லின் பொருளைத் தெரிந்துகொள்வது, நாலைந்து வரி எழுதுவது ஆகியவையே முக்கியம். ஆறாம் வகுப்பில் இந்த நிலை மாறுகிறது. இனி வாசிப்பின் மூலமாகத்தான் மற்ற எல்லாவற்றையும் கற்க வேண்டும். அறிவியல், சமூக அறிவியல் நூல்களில் பக்கம் பக்கமாகப் பத்திகள் வருகின்றன. கணக்கில்கூட மூன்று வரிக் கேள்வியைப் படித்துப் புரிந்துகொண்ட பிறகுதான் கூட்டுவதா கழிப்பதா என்று தீர்மானிக்க முடியும்.

எனவே ஆறாம் வகுப்புப் பிள்ளை தமிழில் தட்டுத் தடுமாறி வாசித்தால், அதைத் தமிழ்ப் பாடத்தின் குறையாக மட்டும் எண்ணிவிடக் கூடாது. அந்தக் குறை எல்லாப் பாடத்திலும் தெரியும். அறிவியலில் மதிப்பெண் குறைகிறது என்று அறிவியலுக்கு டியூஷன் தேடுகிறோம். பல பிள்ளைகளுக்குத் தேவைப்படுவது தினம் அரை மணி நேர வாசிப்புதான்.

தமிழ்ப் பாடத்தில் என்ன இருக்கிறது?

இப்போதைய பாடநூல்கள் ஆறாம் வகுப்புக்கு 2018-19 கல்வியாண்டிலும், ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கு 2019-20 கல்வியாண்டிலும் அறிமுகமானவை. தமிழ் நூலை "இயல்" என்று பிரித்திருக்கிறார்கள். ஒவ்வோர் இயலும் ஒரு பொருளைப் பற்றியது. ஓர் இயல் மொழியைப் பற்றி, ஒன்று இயற்கையைப் பற்றி, ஒன்று அறிவியலைப் பற்றி என்று அமைந்திருக்கும். இயலுக்குள் செய்யுள், உரைநடை, துணைப்பாடம், இலக்கணம் ஆகியவை இருக்கும். அதன்பின் பேசுவதற்கும் எழுதுவதற்கும் பயிற்சிகள் வரும்.

இதில் பெற்றோர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. தமிழ்ப் புத்தகம் செய்யுளும் இலக்கணமும் மட்டும் கொண்டதல்ல. ஆறாம் வகுப்பில் "சிறகின் ஓசை" என்ற பாடம் பறவைகள் வலசை போவதைப் பற்றியது. "ஒளி பிறந்தது" என்ற பாடம் டாக்டர் அப்துல் கலாம் அவர்களுடன் நடக்கும் நேர்காணல். ஏழாம் வகுப்பில் முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தைப் பற்றிய பாடமும், பிரம்மபுத்திரா ஆற்றின் மணல் தீவில் தனி ஆளாகக் காடு வளர்த்த ஜாதவ் பயேங் பற்றிய பாடமும் உள்ளன. எட்டாம் வகுப்பில் தமிழர் மருத்துவம் பற்றிய பாடமும், மூளையைப் பற்றி எழுத்தாளர் சுஜாதா எழுதியதும் வருகின்றன. இவற்றையெல்லாம் அறிவியல் என்றும் சொல்லலாம், தமிழ் என்றும் சொல்லலாம்.

பறவை என்றதும் பறவையியல் அறிஞர் சலீம் அலி (1896-1987) நினைவுக்கு வருகிறார். மும்பையில் சிறுவனாக இருந்தபோது அவர் சுட்டு வீழ்த்திய ஒரு குருவியின் கழுத்தில் மஞ்சள் திட்டு இருந்தது. வழக்கமாகப் பார்க்கும் குருவிக்கு அப்படி இருக்காதே என்று அவருக்குத் தோன்றியது. அது என்ன குருவி என்று மாமாவிடம் கேட்டார். மாமா அவரைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பி வைத்தார். அங்கே பதப்படுத்தி வைத்திருந்த பறவைகளைப் பார்த்த சிறுவன் தன் வாழ்நாளையே பறவைகளுக்குக் கொடுத்தார். தொடக்கம் என்னவோ ஒரு மஞ்சள் திட்டைக் கவனித்ததும், அதைக் கேள்வியாகச் சொல்லத் தெரிந்ததும்தான். கேள்விக்குப் பதில் தெரியாத நிலையிலும் "போய்க் கேட்டு வா" என்று வழி காட்டிய பெரியவர் ஒருவர் வீட்டில் இருந்தார் என்பதையும் நாம் கவனிக்க வேண்டும்.

இனி இலக்கணம். பிள்ளைகள் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். ஆறாம் வகுப்பில் எழுத்துகளின் வகைகள், சுட்டெழுத்து, வினா எழுத்து, மயங்கொலிகள், பெயர்ச்சொல் போன்றவை வருகின்றன. மயங்கொலி என்பது ண, ன, ந. ல, ள, ழ. ர, ற ஆகிய எழுத்துகளைப் பிரித்து உச்சரிக்கவும் எழுதவும் கற்பது. "அரம்" என்றால் இரும்பைத் தேய்க்கும் கருவி, "அறம்" என்றால் நற்செயல். ஓர் எழுத்து மாறினால் பொருளே மாறிவிடுகிறது. ஏழாம் வகுப்பில் பேச்சு மொழிக்கும் எழுத்து மொழிக்கும் உள்ள வேறுபாடு ஒரு பாடமாகவே வருகிறது. வீட்டில் "வந்துட்டாஹ" என்று பேசும் பிள்ளை, எழுதும்போது "வந்துவிட்டார்கள்" என்று எழுத வேண்டும். வீட்டுப் பேச்சு தப்பு என்று யாரும் சொல்லவில்லை. எந்த இடத்தில் எதைப் பயன்படுத்துவது என்பதுதான் பாடம்.

இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என்ற நால்வகைச் சொற்களும் ஏழாம் வகுப்பில் வருகின்றன. திசைச்சொல் என்பது பிற மொழியிலிருந்து தமிழுக்கு வந்து சேர்ந்த சொல். இதற்கு நம் வீட்டிலேயே உதாரணம் கிடைக்கும். வக்கீல், வசூல், அசல், பாக்கி ஆகியவை அரபு மூலத்திலிருந்து வந்து தமிழில் கலந்தவை. அலமாரி, சாவி ஆகியவை போர்த்துக்கீசியத்திலிருந்து வந்தவை. கடையில் உட்கார்ந்து "அசல் எவ்வளவு, பாக்கி எவ்வளவு" என்று கணக்குப் பார்க்கும் அத்தா, அந்த இடத்திலேயே பிள்ளைக்குத் திசைச்சொல்லைச் சொல்லிக் கொடுத்துவிடலாம்.

எட்டாம் வகுப்பில் வினைமுற்று, எச்சம், வேற்றுமை, புணர்ச்சி போன்றவை வருகின்றன. இவை வாக்கியத்தைச் சரியாகக் கட்டுவதற்கானவை. "மருந்தால் வந்த நோய்", "மருந்துக்கு வந்த நோயாளி" என்ற இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். "ஆல்", "கு" என்ற இரண்டு உருபுகளும் பொருளை எவ்வளவு மாற்றுகின்றன! நாளை பிள்ளை ஒரு விண்ணப்பமோ ஒப்பந்தமோ எழுதும்போது இந்த இலக்கணம்தான் கைகொடுக்கும்.

எழுத்து எங்கே பிறக்கிறது?

எட்டாம் வகுப்புத் தமிழில் "எழுத்துகளின் பிறப்பு" என்று ஓர் இலக்கணப் பாடம் உண்டு. மக்தபில் ஓதும் நம் பிள்ளைகளுக்கு இது மிகவும் எளிதாக இருக்க வேண்டிய பாடம். பலர் இதை மனப்பாடம் செய்து துன்பப்படுவதைப் பார்க்கிறேன்.

உயிரெழுத்துகளும் இடையினமும் கழுத்தை இடமாகக் கொண்டு பிறக்கின்றன; வல்லினம் மார்பை, மெல்லினம் மூக்கை, ஆய்தம் தலையை இடமாகக் கொண்டு பிறக்கின்றன என்று நம் இலக்கண நூலார் வகுத்தார்கள். பிறகு ஒவ்வோர் எழுத்துக்கும் நாக்கும் உதடும் பல்லும் அண்ணமும் என்ன செய்கின்றன என்று சொன்னார்கள். க, ங பிறக்க நாக்கின் அடி, மேல் அண்ணத்தின் அடியைத் தொடுகிறது. ட, ண பிறக்க நாக்கின் நுனி அண்ணத்தின் நுனியைத் தொடுகிறது. ப, ம பிறக்க இரண்டு உதடுகளும் சேர்கின்றன. வ பிறக்க மேல் பல் கீழ் உதட்டைத் தொடுகிறது.

தஜ்வீத் படித்தவர்களுக்கு இது எங்கேயோ கேட்டது போல இருக்கும். மக்ரஜ் என்று நாம் சொல்லிக் கொடுப்பது இதைத்தான். பே, மீம் இரண்டும் இரு உதடுகள் சேர்வதால் வருகின்றன. ஃபே மேல் பல் கீழ் உதட்டைத் தொடுவதால் வருகிறது. மூக்கின் வழியாக வரும் ஓசையை குன்னா என்கிறோம். இரண்டு மொழியின் அறிஞர்களும் தங்கள் வாயையும் தொண்டையையும் உற்றுக் கவனித்து, அதைத் துல்லியமாக எழுதி வைத்தார்கள்.

அதே எட்டாம் வகுப்பின் அறிவியலில் "ஒலியியல்" என்ற பாடம் இருக்கிறது. ஒலி அதிர்வால் உண்டாகிறது, மனிதக் குரல் குரல்வளையில் உள்ள குரல்நாண்கள் அதிர்வதால் பிறக்கிறது என்று அது சொல்கிறது. தொண்டையில் விரலை வைத்து "ஆ" என்று சொன்னால் அதிர்வு தெரியும். மூக்கைப் பிடித்துக்கொண்டு "ம்" என்று நீட்டிச் சொல்லிப் பார்த்தால், மூச்சு மூக்கு வழியாகத்தான் வருகிறது என்பது உடனே விளங்கிவிடும்.

மக்தபில் மக்ரஜ், பள்ளியில் தமிழ் இலக்கணம், அறிவியலில் ஒலி என்று மூன்று இடத்தில் மூன்று ஆசிரியர்கள் ஒரே விஷயத்தைச் சொல்லித் தருகிறார்கள். அது ஒன்றுதான் என்று யாராவது எடுத்துச் சொன்னால் பிள்ளைக்குச் சுமை மூன்றில் ஒன்றாகிவிடும். மதரஸாவில் ஓதிவிட்டுப் பிறகு கலைக்கல்லூரிக்குப் போய்ப் பட்டம் பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: இரண்டு பக்கமும் கற்றவை ஒன்றுக்கொன்று உதவியாகத்தான் இருந்தன. மக்தப் ஆசிரியர்களும் இந்தப் பாடம் வரும் நாளில் ஒரு வார்த்தை சொல்லலாம்.

அறிவியலில் என்ன இருக்கிறது?

ஆறாம் வகுப்பு அறிவியலின் முதல் பாடம் அளவீடுகள். முழம் ஆளுக்கு ஆள் மாறும், மீட்டர் மாறாது. அதனால்தான் உலகம் முழுவதும் பொதுவான அலகு தேவைப்படுகிறது. அளவுகோலை நேராகப் பார்க்காமல் சாய்வாகப் பார்த்தால் அளவு தவறாகத் தெரியும். இதற்கு "இடமாறு தோற்றப் பிழை" என்று பெயர். பெயரைக் கேட்டால் பயமாக இருக்கிறது. ஆனால் குழந்தைக்கு மருந்து ஊற்றும் சிறிய மூடியைக் கண் மட்டத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னால் விஷயம் முடிந்தது.

அதே வகுப்பில் கலவைகளைப் பிரிக்கும் முறைகள் வருகின்றன. அரிசியில் கல் பொறுக்குவது, மாவு சலிப்பது, உமியைத் தூற்றுவது, புளிக் கரைசலை வடிகட்டுவது, தயிர் கடைந்து வெண்ணெய் எடுப்பது என எல்லாமே உம்மாவின் அடுப்படியில் நடப்பவை. நெல் தூற்றும்போது உமி ஏன் தள்ளிப் போய் விழுகிறது? உமி லேசானது, காற்று அதைத் தள்ளிவிடுகிறது. காரணத்தோடு சொன்னால் அதுவே அறிவியல். உணவுக் கலப்படமும் இதே பாடத்தில் பேசப்படுகிறது.

பிறகு மாற்றங்கள். ஐஸ் உருகித் தண்ணீரானால் மீண்டும் ஐஸ் ஆக்கலாம். பால் தயிரானால் மீண்டும் பாலாக்க முடியாது. முன்னது மீள் மாற்றம், பின்னது மீளா மாற்றம். செல், மனித உறுப்பு மண்டலங்கள், காற்று, நீர், காந்தம், மின்சாரம் ஆகியவற்றின் தொடக்கப் பாடங்களும் ஆறில்தான்.

ஏழாம் வகுப்பில் கண்ணுக்குத் தெரியாதவற்றைப் பற்றிப் பேசத் தொடங்குகிறார்கள். அணு, செல்லின் உட்பகுதி, வெப்பத்துக்கும் வெப்பநிலைக்கும் உள்ள வேறுபாடு ஆகியவை வருகின்றன. ஒரு டம்ளர் வெந்நீரும் ஒரு அண்டா வெந்நீரும் ஒரே சூட்டில் இருக்கலாம். அப்போது வெப்பநிலை இரண்டுக்கும் ஒன்றுதான். ஆனால் அண்டா நீரைச் சூடாக்க எவ்வளவு கேஸ் செலவாகிறது! அதில் உள்ள வெப்பம் அதிகம். இந்த வேறுபாட்டைப் பிள்ளை தன் வாயால் சொல்ல முடிந்தால் பாடம் புரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஏழில் ஒளியியலும் உண்டு. அதில் ஊசித்துளைக் காமிரா வருகிறது. ஓர் அட்டைப் பெட்டியில் சிறு துளை போட்டு, எதிர்ப்புறம் எண்ணெய்த் தாள் ஒட்டினால் வெளியே உள்ள மரம் தலைகீழாகத் தெரியும். ஒளி நேர்கோட்டில் செல்வதே காரணம். சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல் ஹைஸம் இருட்டறையிலும் சிறு துளையிலும் ஒளியைச் சோதித்துப் பார்த்தார். கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதால் பார்க்கிறோம் என்று கிரேக்க அறிஞர் பலர் சொல்லியிருந்தார்கள். அவர் அதை மறுத்து, பொருளிலிருந்து ஒளி கண்ணுக்கு வருவதால்தான் பார்க்கிறோம் என்று தம் "கிதாபுல் மனாழிர்" நூலில் விளக்கினார். பெரியவர்கள் சொன்னதையும் சோதித்துப் பார்த்த மனிதர் அவர். அவர் பெயரைப் பெருமைக்காகச் சொல்வதோடு நிறுத்தாமல், ஒரு பழைய செருப்புப் பெட்டியை எடுத்துப் பிள்ளையோடு உட்கார்ந்து துளை போட்டுப் பார்ப்பது மேல்.

எட்டாம் வகுப்பில் பாடங்கள் ஆழமாகின்றன. விசையும் அழுத்தமும், அமிலங்களும் காரங்களும், அணு அமைப்பு, நுண்ணுயிரிகள், பயிர் மேலாண்மை ஆகியவை வருகின்றன. மஞ்சள் கறை பட்ட துணியில் சோப்புப் போட்டால் சிவப்பாக மாறுவதை எல்லா வீட்டிலும் பார்த்திருக்கிறோம். சோப்பு காரத்தன்மை உடையது, மஞ்சள் அதை நிறம் மாறிக் காட்டிக் கொடுக்கிறது. நுண்ணுயிரிகள் பாடம் குடும்பத்துக்கே பயன்படும். பாக்டீரியா வேறு, வைரஸ் வேறு. ஆன்டிபயாட்டிக் மருந்து பாக்டீரியாவுக்கு எதிராக வேலை செய்யும், வைரஸால் வரும் சளிக் காய்ச்சலுக்கு வேலை செய்யாது. மருத்துவர் சொல்லாமல் மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போடும் நம் பழக்கத்தை எட்டாம் வகுப்புப் பிள்ளை தட்டிக் கேட்டால் கோபப்படாதீர்கள்.

பிறை பார்க்கும் பிள்ளைக்கு ஒரு பாடம்

ஏழாம் வகுப்பின் அண்டம் பற்றிய பாடத்தில் வளர்பிறையும் தேய்பிறையும் வருகின்றன. மாடியில் ஏறிப் பிறை பார்க்கும் குடும்பத்தில் வளரும் பிள்ளை இதில் முதல் மதிப்பெண் வாங்க வேண்டும். ஆனால் "பிறை ஏன் தேய்கிறது?" என்று கேட்டால் "பூமியின் நிழல் விழுகிறது" என்று சொல்லும் பிள்ளைகளும் பெரியவர்களும் அதிகம். அது சரியல்ல. பூமியின் நிழல் நிலவில் விழுந்தால் அது சந்திர கிரகணம். அது பௌர்ணமி இரவில்தான் நிகழும்.

நிலவுக்குச் சொந்த ஒளி இல்லை. சூரியனைப் பார்த்த பாதி எப்போதும் வெளிச்சமாகத்தான் இருக்கும். நிலவு பூமியைச் சுற்றி வரும்போது, அந்த வெளிச்சப் பாதியில் எவ்வளவு நம் பக்கம் திரும்பியிருக்கிறதோ அவ்வளவே நமக்குத் தெரிகிறது. இருட்டறையில் ஒரு விளக்கை வைத்து, கையில் பந்தைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சுற்றி நின்று பார்த்தால் இது பிள்ளைக்கு நன்றாக விளங்கும்.

ஒரு பிறையிலிருந்து அடுத்த பிறைக்குச் சுமார் இருபத்தொன்பதரை நாள். அதனால்தான் மாதம் 29 ஆகவோ 30 ஆகவோ முடிகிறது. பன்னிரண்டு மாதம் சேர்த்தால் ஏறத்தாழ 354 நாள். சூரிய ஆண்டு 365 நாள். வித்தியாசம் ஏறத்தாழ 11 நாள். ரமழான் ஒவ்வோர் ஆண்டும் அந்த அளவு முன்னால் வருவதும், ஏறத்தாழ 33 ஆண்டுகளில் எல்லாப் பருவத்தையும் சுற்றி வந்துவிடுவதும் இதனால்தான். இதைப் பிள்ளையே கணக்குப் போட்டுச் சொல்லட்டும். அறிவியலும் கணக்கும் ஒரே நேரத்தில் படித்ததாகிவிடும்.

வெட்கப்பட்டுத் தாண்டிப் போகும் பாடம்

எட்டாம் வகுப்பில் வளரிளம் பருவத்தைப் பற்றி ஒரு பாடம் இருக்கிறது. உடலில் வரும் மாற்றங்கள், மாதவிடாய், சுத்தம், சத்தான உணவு ஆகியவற்றைப் பற்றியது. "இதெல்லாம் பிள்ளைகளுக்கு எதுக்கு?" என்று கேட்கும் பெற்றோர் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்வேன். நம் மதரஸாவில் தஹாரா பாடத்தில் குளிப்பு எப்போது கடமை, மாதவிடாயின் சட்டம் என்ன என்று தெளிவாகவே கற்றுத் தருகிறோம். மார்க்கச் சட்டத்தைக் கற்பதில் வெட்கம் இல்லை என்றால், அதே உடலைப் பற்றிய அறிவைக் கற்பதிலும் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இந்தப் பாடம் நடக்கும் வாரத்தில் உம்மா மகளோடும், அத்தா மகனோடும் தனியாகப் பேசுங்கள். நாம் பேசாவிட்டால் செல்போன் பேசும். அது யார் சொல்லும் செய்தி என்று நமக்குத் தெரியாது. வளரும் பெண்பிள்ளைகளுக்கு இரும்புச் சத்துள்ள உணவு தேவை என்பதும், இரத்தசோகை வந்தால் படிக்க உட்காரவே சோர்வாக இருக்கும் என்பதும் உம்மாமார் நினைவில் வைக்க வேண்டியவை.

தெரிந்தும் எழுத முடியாத பிள்ளைகள்

அறிவியல் விடைத்தாளில் பிள்ளைகள் மதிப்பெண் இழப்பது எங்கே என்று பார்த்தால், பெரும்பாலும் மொழியில்தான். கேள்வியில் "வரையறு" என்றால் என்ன என்று ஒரு வரியில் சொல்ல வேண்டும். "விளக்குக" என்றால் எப்படி என்று சொல்ல வேண்டும். "வேறுபடுத்துக" என்றால் இரண்டையும் அடுத்தடுத்து வைத்துக் காட்ட வேண்டும். "காரணம் கூறுக" என்றால் "ஏனெனில்" என்று தொடங்கும் ஒரு வாக்கியமாவது இருக்க வேண்டும். இந்த நான்கு சொற்களுக்கும் வேறுபாடு தெரியாத பிள்ளை, பாடம் தெரிந்தும் தவறான பதிலை எழுதிவிட்டு வருகிறது.

ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கல். "போட்டோசிந்தசிஸ்" என்பதை எழுத்துப் பிழையில்லாமல் எழுதுவார்கள். அது என்ன என்று கேட்டால் புத்தகத்தில் உள்ள ஆங்கில வரியை அப்படியே ஒப்பிப்பார்கள். "இலை, சூரிய வெளிச்சத்தை வைத்துத் தனக்குச் சாப்பாடு தயாரிக்கிறது" என்று தன் மொழியில் சொல்லத் தெரியாது. சொந்த மொழியில் சொல்லத் தெரியாவிட்டால் புரியவில்லை என்றே பொருள். வீட்டில் உருது பேசுபவர்கள் உருதுவில் சொல்லச் சொல்லலாம். தமிழ்ப் பாடநூலில் ஒவ்வோர் இயலிலும் "கலைச்சொல் அறிவோம்" என்ற பகுதியில் ஆங்கிலச் சொல்லும் தமிழ்ச் சொல்லும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பகுதியைத் தாண்டிவிடாமல் படிக்கச் சொல்லுங்கள்.

வீட்டில் நாம் செய்யக்கூடியவை

பெற்றோர் அதிகம் படித்திருக்க வேண்டும் என்பதில்லை. கேட்கத் தெரிந்தால் போதும்.

- வாரத்துக்கு இரண்டு நாள், பிள்ளையின் அறிவியல் புத்தகத்தில் ஏதாவது ஒரு பத்தியைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, படித்ததைத் தன் வார்த்தையில் சொல்லச் சொல்லுங்கள். தடுமாறுவது வாசிப்பிலா, புரிந்துகொள்வதிலா என்பது அப்போதே தெரிந்துவிடும்.

- இன்று படித்தவற்றில் நம் வீட்டில் நடப்பது எது என்று கேளுங்கள். அடுப்படியும் கடையும் மாடியும் போதுமான பரிசோதனைக் கூடங்கள்.

- ஒவ்வொரு பதிலுக்குப் பிறகும் "ஏன்?" என்று ஒரு முறை கேளுங்கள். அதிகாரமாகக் கேட்காமல், தெரிந்துகொள்ளும் ஆசையோடு கேளுங்கள்.

- வாரம் ஒரு முறை பத்து வரி எழுதச் சொல்லுங்கள். வெளிநாட்டில் இருக்கும் அத்தாவுக்கோ மாமாவுக்கோ ஒரு கடிதம் எழுதட்டும். குரல் பதிவு அனுப்பிப் பழகிய பிள்ளைகளுக்கு எழுதும் பழக்கம் விட்டுப் போகிறது.

- பாடநூலில் உள்ள கியூஆர் கோடு வழியாகப் பாடக் காணொளிகளைப் பார்க்கலாம். செல்போன் எப்படியும் கையில் இருக்கிறது, இதற்கும் பயன்படட்டும்.

- பள்ளியில் பெற்றோர் கூட்டம் நடக்கும்போது "மார்க் எவ்வளவு?" என்பதோடு "தமிழ் வாசிப்பு எப்படி இருக்கிறது, சொந்தமாக எழுதுகிறானா?" என்றும் ஆசிரியரிடம் கேளுங்கள்.

எட்டோடு நிறுத்துவதற்கு முன்

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வியை உறுதி செய்கிறது. 14 வயது என்பது ஏறத்தாழ எட்டாம் வகுப்பு. நம் சமுதாயத்தில் பல பிள்ளைகளின் பாதை பிரியும் இடமும் அதுதான். ஒருவன் மாமாவின் கடைக்குப் போகிறான். ஒருத்தி "வயசுக்கு வந்துட்டா, போதும்" என்று வீட்டில் நிற்கிறாள். ஒருவன் ஹிஃப்ழு மதரஸாவில் சேர்கிறான்.

ஹிஃப்ழு பெரும் பாக்கியம். அதற்காகப் பள்ளிக் கல்வியை அறுத்துவிட வேண்டிய அவசியம் இல்லை. அரசுத் தேர்வுகள் இயக்ககம் எட்டாம் வகுப்புக்குத் தனித்தேர்வு நடத்துகிறது. தேசிய திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் எழுதலாம். மதரஸா நிர்வாகிகள் மாணவர்களுக்குத் தினம் ஒரு மணி நேரம் தமிழும் அறிவியலும் ஒதுக்கினால் இந்தத் தேர்வுகள் எட்டிப் பிடிக்கக் கூடியவையே.

கடைக்குப் போகும் பையனுக்கும் இந்த மூன்று வகுப்புகளின் பாடம்தான் கடைசி வரை கையிருப்பு. மருந்துச் சீட்டை வாசிப்பதும், வாடகை ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று புரிந்துகொள்வதும், வாட்ஸ்அப்பில் வரும் வதந்தியை "இது எப்படி நடக்கும்?" என்று நிறுத்திக் கேட்பதும் இங்கே கற்றுக்கொள்பவைதான். பெண்பிள்ளைக்கும் அப்படியே. நாளை அவள் தாயாகும்போது அவளுடைய பிள்ளைக்கு முதல் ஆசிரியை அவள்தான்.

அதனால் ஆறாம் வகுப்பில் இருக்கும் பிள்ளையின் தமிழ், அறிவியல் புத்தகங்களை இன்று இரவு ஒரு முறை எடுத்துப் பார்க்கச் சொல்லிப் பெற்றோர்களைக் கேட்டுக்கொள்கிறேன். எந்தப் பாடம் நடக்கிறது என்று பிள்ளையிடம் கேளுங்கள். அதில் ஒன்றை அவன் உங்களுக்குச் சொல்லித் தரட்டும். பயனுள்ள கல்வியை நம் பிள்ளைகளுக்கு அல்லாஹ் அதிகமாக்கித் தருவானாக.